கழுதைக்குத் தெரிந்த வழி

இஸ்ஸா அண்ணாந்து பார்த்தாள். வானத்தைக் காணோம். நாணல் தட்டியும் கிழிந்த சாக்குமாகப் போட்டுச் சந்து முழுவதையும் மூடி வைத்திருந்தார்கள். மலையில் வாரச்சந்தை என்றால் ஒரு பொட்டல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்த மலை தெரியும். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து ஆடும் ஆளும் வீடு பார்த்துப் போய்விடும். இந்த ஃபெஸ் நகரத்துச் சந்தைக்கோ முடிவு என்பதே கிடையாது போலிருந்தது. ஒரு சந்து முடிகிறதே என்று மூச்சு விட்டால், அதன் வயிற்றிலிருந்து இன்னொரு சந்து புறப்பட்டது.

"பாலக்! பாலக்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வழிவிடச் சொல்கிறான் என்பது அதற்குள் அவளுக்குப் பழகியிருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டாள். புதினாக் கட்டு சுமந்த கழுதை ஒன்று அவள் பாவாடையை உரசிக்கொண்டு போயிற்று.

அவள் கணவன் ஸைது முன்னால் நடந்தான். எப்போதோ ஒரே ஒரு முறை இந்த ஊருக்கு வந்துபோனவன். அந்த ஒரு முறையை வைத்துக்கொண்டு ஊரையே தான் கட்டியதுபோல அலட்டிக்கொண்டிருந்தான்.

"இது மருதாணிக் கடைத்தெரு. அந்தப் பக்கம் நூல்கடை. இப்படியே போனா அக்கா வீடு வந்துரும்," என்றான்.

"இதையேதான் அந்தப் பள்ளிவாசல்கிட்டயும் சொன்னே. அதே பள்ளிவாசலை இப்ப மறுபடியும் பாக்கறேன்."

"அது வேற பள்ளிவாசல்."

"வாசல்ல அதே பிச்சைக்காரன்தானே உக்காந்திருக்கான்?"

ஸைதுவுக்குக் காது கேட்கவில்லை. அவனுக்கு வேண்டாதது எதுவும் எப்போதும் கேட்பதில்லை.

அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய கோவேறு கழுதை வந்தது. அதன் முதுகில் இரண்டு பக்கமும் பொதிக்கூடை. ஒரு கூடையில் எடைக்கு எடையாக அக்ரூட் மூட்டை. மற்றதில் கம்பளி விரித்து, அதன்மேல் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். பெயர் இத்ரீஸ். பிறந்து நாற்பது நாள் இப்போதுதான் கழிந்திருந்தது.

அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

யாரும் இஸ்ஸாவைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. ஸைதுவின் அக்கா யம்னா, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஃபெஸ் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளுக்கு வயிறு திறக்கவே இல்லை. போன வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் விருந்துக்கு மலைக்கு வந்திருந்தபோது, இஸ்ஸாவின் மூன்று பிள்ளைகளையும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் இஸ்ஸா, எல்லாப் பெண்களும் கேட்க, தன் மேடிட்ட வயிற்றைத் தொட்டு, "அக்கா, இது உனக்கு," என்று சொல்லிவிட்டாள். மனசார சொன்னதுதான். பெண்கள் குலவையிட்டார்கள். யம்னா அழுதாள். பிறக்கப் போகிறவனுக்குப் பெயரைக்கூட அவளே வைத்துவிட்டுப் போனாள்.

வயிற்றில் இருக்கிறவனைக் கொடுப்பது சுலபம். அவனுக்கு அப்போது முகம் கிடையாது.

புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் மார்பை இறுக்கித் துணியால் கட்டிவிட்டார்கள். பால் வற்றட்டும் என்றார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளாதே, உன் உடம்பு அவனை மறக்கப் பழகட்டும் என்றார்கள். அதனால்தான் கூடை. காலையில் நகர வாசலுக்கு வெளியே கட்டைத் தளர்த்தி ஒருமுறை பால் கொடுத்தாள். இதுதான் கடைசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதிலிருந்து அவளுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

சந்துகள் கூடுகிற ஒரு சின்ன முற்றத்தில், ஓடு பதித்த குழாயடிக்குப் பக்கத்தில் ஸைது நின்றான்.

"அக்கா வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது. சர்க்கரைக் கூம்பு வாங்கிட்டு வரேன். நீ நகராதே."

"நாந்தானே? நான் எங்க நகரப் போறேன்? வழி தெரிஞ்சவன் நீயில்ல?"

அவன் போனான். இஸ்ஸா கழுதையின் கயிற்றை அதன் கழுத்தில் சுற்றிப் போட்டாள். மலைச் சந்தையில் எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள். விட்ட இடத்தில் விட்டபடி நிற்கும்.

பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பினான். கட்டுக்குள்ளே அவளுக்கு மார்பு கடுத்தது. பார்க்காதே என்று தன்னையே அதட்டினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நிரந்தரமாக முதுகைத் திருப்பப் போகிறவள், இப்போதே திருப்பிப் பழகினால் என்ன? திரும்பிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். முகம் கழுவினாள். தண்ணீர் குடித்தாள். தாகம் தீர்ந்த பிறகும் குடித்தாள். பின்னால் கழுதைகள் போகிற சத்தமும் அதட்டலும் கேட்டன. திரும்பவில்லை. தன்னால் முடிகிறது என்று அவளுக்கு ஒரு வீம்புகூட வந்தது.

திரும்பியபோது கழுதையைக் காணோம்.

ஒரு கணம் வேறு முற்றத்தில் நிற்கிறோம் என்றே நினைத்தாள். பிறகு ஒரு சந்துக்குள் ஓடினாள். திரும்பி வந்து அடுத்ததற்குள் ஓடினாள். கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினாள். அவள் பேசுவது மலைப் பேச்சு. அவர்களுக்கு அரபு. செருப்புக் கடைக்காரன் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து நீட்டினான்.

"ஏ பொண்ணே! இங்க வா. எதுக்குக் கிடந்து இப்படிக் கத்தறே?"

மலைப் பேச்சு. குழாயடிக்கு எதிரே அடுப்பு வைத்து மடிப்பு ரொட்டி சுடுகிற பருத்த பெண் ஒருத்தி, ரொட்டியைப் புரட்டியபடியே கேட்டாள். மலையிலிருந்து எப்போதோ வந்து இங்கேயே ஊன்றிவிட்டவள். பெயர் ரப்ஹா.

"கழுதையைக் காணோம் அக்கா. கூடையில பிள்ளை. என் பிள்ளை."

ரப்ஹா ரொட்டியை விட்டுவிட்டு எழுந்தாள். "கட்டிப் போட்டிருந்தியா?"

"கயித்தக் கழுத்துல போட்டேன். எங்க சந்தைல நகராது."

"இது உங்க சந்தை இல்லையே தாயி."

"எவனோ திருடிட்டான்."

"பட்டப்பகல்ல, இந்த நெரிசல்ல கழுதை திருடவா? இங்க கழுதையைத் தள்ளிவிட்டாத்தான் வழியே கிடைக்குது. எங்க வாங்கின கழுதை அது?"

"வாரச்சந்தைல, ஒரு தரகன்கிட்ட. மூக்குல வெள்ளை இருக்கும். வாங்கறப்ப குளம்புல டயர் ரப்பரை வச்சு அடிச்சிருந்தாங்க. கால்ல ஏதோ கோளாறு, மறைக்கப் பாக்கறான்னு என் வீட்டுக்காரன் சண்டை போட்டு விலையக் குறைச்சான். வீட்டுக்கு வந்ததும் ரப்பரைப் பேத்து எறிஞ்சுட்டான்."

ரப்ஹா தலையில் அடித்துக்கொண்டாள். கடந்துபோன ஒரு கழுதையின் காலைக் காட்டினாள். குளம்புக்கு அடியில் கறுப்பு ரப்பர். அதன் பின்னால் வந்ததற்கும் ரப்பர்.

"இந்தச் சந்துல கல்லு வழுக்கும்டி. இங்க பொதி சுமக்கிற எல்லாத்துக்கும் ரப்பர்தான். உங்களுக்கு வித்தது ஊர்க் கழுதை. கோளாறு கால்ல இல்ல, உன் புருஷன் மண்டைல. திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வேலைக்குப் போயிருக்கு."

பக்கத்தில் ஆலிவ் விற்கிற கிழவரிடம் ரப்ஹா ஏதோ கேட்டாள். அவர் தாடையால் கீழே இறங்குகிற சந்துப் பக்கம் காட்டினார். சற்றுமுன் பச்சைத்தோல் சுமந்த கழுதைகள் வரிசையாகப் போயிருக்கின்றன. கடைசிக் கழுதையின் முதுகில் தோல் இல்லை, கூடை இருந்தது.

"தோல்காரங்க கழுதை. வா," என்றாள் ரப்ஹா. "கிழவரே, அடுப்பைப் பாத்துக்குங்க. இவ புருஷன் வருவான், தேடற முகத்தைப் பாத்தாலே தெரியும். தோல் பதனிடற தொட்டிக்கு அனுப்புங்க. ரொட்டியத் தின்னீங்கன்னா எனக்குத் தெரியும்."

சந்து சரிவாக இறங்கியது. கல்லில் மீன் செதிலும் தண்ணீரும். இஸ்ஸா ஓடினாள். ரப்ஹா பின்னால் மூச்சிரைத்து வந்தாள். பிள்ளை கூடையிலிருந்து வழுக்கியிருப்பானோ, பொதி இடித்து நசுங்கியிருப்பானோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மனம் ஒன்று காட்டியது. தரையில் கிடந்த துணிச்சுருள் எல்லாம் அவனாகத் தெரிந்தது.

ஒரு ரொட்டி அடுப்பு. தெருவே பிசைந்து அனுப்பும் மாவைச் சுட்டுக் கொடுக்கும் இடம். ரப்ஹா விசாரித்ததும் அடுப்புக்காரர் சிரித்தார்.

"வந்துச்சே. எப்பவும்போல தலையை உள்ள நீட்டிச்சு. காய்ஞ்ச ரொட்டி குடுத்தேன், தின்னுட்டுப் போயிருச்சு. லர்பியோட கழுதை செத்துப்போச்சுன்னுல்ல நினைச்சேன்?"

"கூடையில பிள்ளை இருந்துச்சா?" ரப்ஹா கேட்டாள்.

அவர் சிரிப்பு நின்றது. "துணி மூட்டைன்னு நினைச்சேன்."

மறுபடி ஓட்டம். செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் முற்றத்துக்கு வந்தபோது இஸ்ஸா காதைப் பொத்திக்கொண்டாள். ஆளுக்கொரு அண்டாவை மடியில் சாய்த்துக்கொண்டு அத்தனை பேரும் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தான் கத்துவதே தனக்குக் கேட்கவில்லை. இங்கே பிள்ளை வீறிட்டு அழுதிருந்தாலும் எவர் காதில் விழுந்திருக்கும்? முற்றத்திலிருந்து இரண்டு சந்துகள் இறங்கின. இரண்டிலும் ஈரக் குளம்புத் தடம்.

ரப்ஹா நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். அவள் என்ன சொன்னாளோ, முதலில் ஒரு சுத்தியல் நின்றது. பக்கத்துக்காரன் என்னவென்று பார்த்தான், அவனும் நிறுத்தினான். அப்படியே முற்றம் முழுக்க ஓய்ந்தது. அந்தத் தெருவில் பகலில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

"கூப்பிடுடி," என்றாள் ரப்ஹா.

பிறந்த நாளிலிருந்து இஸ்ஸா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது யம்னா கூப்பிட வேண்டிய பெயர் என்று விட்டுவைத்திருந்தாள்.

"இத்ரீஸ்!"

அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஓர் இத்ரீஸ். மூலையில் ஒரு கிழவர் தலையைத் தூக்கினார். அடுத்தவர் அவர் தோளில் தட்டி உட்கார வைத்தார்.

"இத்ரீஸ்! என் ராசா!"

இடது சந்தின் ஆழத்திலிருந்து அழுகை வந்தது. பசித்த அழுகை. அவளுக்குத் தெரியாத அழுகையா அது? மார்புக் கட்டு அப்படியே நனைந்துபோயிற்று. செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள். பின்னால் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கின.

நாற்றம்தான் முதலில் வந்து முகத்தில் அறைந்தது. புறா எச்சமும் சுண்ணாம்பும் ஊறிய தோலும். தொட்டிகளை ஒட்டிய லாயத்தில், பழைய மரக் கதவுக்குள், கழுதை தன் இடத்தில் நின்று நிம்மதியாகத் தாடையை அசைத்துக்கொண்டிருந்தது. ஊன்றுகோல் வைத்த ஒருவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சள் சாயம் ஏறிய ஒரு தோல்காரன், கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, சுடுசட்டியைப் பிடித்தவன்போல இங்குமங்கும் நடந்தான்.

இஸ்ஸா பிடுங்கிக்கொண்டாள். அங்கேயே வைக்கோலில் உட்கார்ந்து, மேல்துணிக்குள் கட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் அது இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பிள்ளை பற்றிக்கொண்டான். அவள் வாய்விட்டு அழுதாள். வெட்கப்படவில்லை.

"ஒண்ணும் ஆகல," என்று சுவரைப் பார்த்தபடி ஊன்றுகோல்காரர் சொல்ல, ரப்ஹா மலைப் பேச்சில் எடுத்துச் சொன்னாள். அவர்தான் லர்பி. "அது பொதியைச் சிந்தாது. நான் பழக்கினது. என் கால் உடைஞ்சுதுன்னுதான் வித்தேன். வித்த அன்னிக்கு நான் சோறு தின்னல."

வியர்த்து வழிய ஸைது வந்து சேர்ந்தான். நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்பு அக்குளில் இருந்தது. பிள்ளையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அப்படியே கதவில் சாய்ந்துவிட்டான்.

"இவன்தான் ரப்பரைப் பேத்தவனா?" என்றாள் ரப்ஹா.

கொஞ்சம் மூச்சு வந்ததும் ஸைது கயிற்றைப் பிடித்துக் கழுதையை இழுத்தான். அது நகரவில்லை. அதட்டினான். பின்னாலிருந்து தள்ளினான். காதை மடக்கிக்கொண்டு கல்லாக நின்றது. தோல்காரர்கள் சிரித்தார்கள்.

"ஒரு வருஷமா என் புல்லைத் தின்னியே, நன்றிகெட்ட ஜென்மம்," என்று திட்டினான்.

"விடு அதை," என்றாள் இஸ்ஸா. குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு வருஷம் ஆகியும் அது மறக்கல. எனக்கு நாலு நாள்ல மறந்துரும்னு நீயும் சொன்னே, ஊரும் சொல்லுச்சு. நானும் நம்பினேன்."

ஸைது கயிற்றை விட்டான். "வாக்குக் குடுத்தது நீதானே?"

"நாந்தான். அதனால நானே அவ முகத்தைப் பாத்துச் சொல்றேன். நீ சர்க்கரையத் தூக்கிட்டு வா."

"அக்கா தாங்கமாட்டா இஸ்ஸா."

"எனக்குத் தெரியாதா?"

கழுதையை லர்பியிடமே விட்டுவிட்டு நடந்தார்கள். ஸைதுவிடம் அடையாளம் கேட்டு ரப்ஹாதான் வழி காட்டினாள். யம்னாவின் சந்து முனைவரை வந்து, ரொட்டி கருகியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். இஸ்ஸாவின் ஒரு கால் வெறுங்கால். பிள்ளை அவள் முதுகில், கம்பளியால் இறுகக் கட்டப்பட்டு இருந்தான்.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. யம்னா காலையிலிருந்து அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். நல்ல அங்கி உடுத்தி, கைக்கு மருதாணி இட்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் இஸ்ஸா. சலாம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தைரியம் போய்விடும். "என்னால குடுக்க முடியல. நான் சொன்ன வாக்கு. நான்தான் தவறறேன். உன் தம்பி மேல தப்பு இல்ல."

யம்னாவின் கண் இஸ்ஸாவின் தோளுக்கு மேல் தெரிந்த அந்தச் சின்னத் தலையில் நின்றது. முகத்தில் இருந்த ரத்தம் மெல்ல வடிந்ததை இஸ்ஸா பார்த்தாள். திட்டு, அடி, எதையாவது செய் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"அவன் மேல என்ன நாத்தம்?" என்றாள் யம்னா கடைசியில்.

"தோல் தொட்டி."

"தோல் தொட்டிக்கா கொண்டு போனே, கைப்பிள்ளைய?" கையை நீட்டினாள். "குளிப்பாட்டிக் குடுக்கறேன்."

இஸ்ஸாவின் கைகள் பின்னால் போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டன. யம்னா கையை மடக்கவில்லை. கேட்கவும் இல்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். இஸ்ஸா முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள்.

உள்ளே இஸ்ஸா மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் எழுந்தாள். சுவர் ஓரம் புதுத் தொட்டில் இருந்தது. மேலே மடித்து மடித்து வைத்த சின்ன உடுப்புகள். சில புதுசு, சில மடித்த இடத்திலேயே மஞ்சள் ஏறியவை. அவற்றைப் பார்க்க முடியாமல் ஸைது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்முற்றத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. தரமாட்டாளோ? பின்வாசல் இருக்குமோ? இஸ்ஸா தன் நினைப்புக்காகவே கூசினாள். கூசிக்கொண்டே கதவைப் பார்த்தாள்.

யம்னா வந்தாள். பிள்ளை அவள் தைத்த வெள்ளைச் சட்டையில் இருந்தான். ரோஜாத் தண்ணீர் மணத்தான். அவனைக் கொண்டுவந்து இஸ்ஸாவின் மடியில் கிடத்தினாள்.

"பசிக்குது அவனுக்கு. குடு," என்றாள். ஸைதுவிடமிருந்து சர்க்கரைக் கூம்பை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சின்னச் சுத்தியலால் சர்க்கரை உடைக்கிற சத்தம் கேட்டது. டக், டக், டக். ஒரு கெண்டித் தேநீருக்கு நாலு கட்டி போதும். நாலு கட்டி எப்போதோ உடைந்திருக்கும். சத்தம் நிற்கவில்லை. ஸைது எழுந்தான். இஸ்ஸா வேண்டாம் என்று தலையசைத்தாள். பால் குடிக்கிற பிள்ளையை அப்படியே அணைத்துக்கொண்டு, அவளே சமையலறைக்குப் போய், தரையில் யம்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தட்டு முழுக்க வெறும் தூள். யம்னா அந்தத் தூளையே அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காரு," என்றாள். "தெறிச்சு அவன் கண்ணுல பட்டுரும்."